பசையில் இருக்கிறது படம்: விர்ஜினியா மையர்ஸும் ஃபாயில் பதிப்போவியமும்

ஃபாயில் அச்சு என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது கல்யாணப் பத்திரிகைதான். சூடேற்றிய உலோக பிளாக் கீழே இறங்கும், நடுவில் தங்க நிற ஃபாயில் ஓடும், அட்டையில் பிள்ளையார் மின்னுவார். ஆயிரம் பத்திரிகையிலும் அதே பிள்ளையார், அதே இடத்தில். அந்த முறையில் படம் முழுக்க பிளாக்கில்தான் இருக்கிறது. பிளாக் இல்லாவிட்டால் ஃபாயிலுக்கு எந்த வேலையும் இல்லை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பதிப்போவியம் (தகடு போன்றவற்றில் படம் செய்து தாளில் அச்செடுக்கும் கலை) கற்பித்த விர்ஜினியா மையர்ஸ் (1927–2015) அந்த பிளாக்கையே எடுத்துவிட்டார். அதன் இடத்தில் ஒரு சூடான உருளையை வைத்தார். உருளையில் படம் கிடையாது. அது வெறும் வெப்பமும் அழுத்தமும்தான். எங்கே ஃபாயில் ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டக்கூடாது என்பதைத் தாளின் மேல் ஓவியர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்பதே முடிவு செய்யும். பெட்டிகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் என்றிருந்த பொருளை ஓவியரின் கைக்கு இது கொண்டுவந்தது. இதற்காக அவர் உருவாக்கிக் காப்புரிமையும் பெற்ற இயந்திரத்தின் பெயர் ‘அயோவா ஃபாயில் பிரிண்டர்’.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் யோசனையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அர்ஜென்டினாவில் பிறந்த மௌரிசியோ லசான்ஸ்கி நியூயார்க்கில் ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டரின் ‘அட்லியே 17’ கூடத்தில் வேலை செய்துவிட்டு, 1945-இல் அயோவாவில் பதிப்போவியப் பிரிவைத் தொடங்கியவர். மையர்ஸ் 1950-களில் அவரிடம் படித்தார். பிறகு ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பாரிஸ் போய் 1961–62-இல் நேராக ஹெய்ட்டரிடமே கற்றார். 1962-இல் அயோவாவுக்குத் திரும்பி ஆசிரியரானார்.

ஹெய்ட்டரின் பாரிஸ் கூடத்தில் அந்தக் காலத்தில் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது ஒரே தகட்டில் பல வண்ணம் ஏற்றும் சோதனை. அதில் பெரும்பங்கு கிருஷ்ண ரெட்டியுடையது. சென்னை கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்துவிட்டு ஐரோப்பா போனவர் அவர். அந்த முறையில் கடினமான ரப்பர் உருளை தகட்டின் மேட்டை மட்டும் தொடும். மென்மையான உருளை வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும். எண்ணெய் கூடின மையும் குறைந்த மையும் ஒன்றையொன்று தள்ளுவதால் வண்ணங்கள் கலக்காமல் அடுக்காக நிற்கும். உருளையின் கடினத்தை மாற்றினால் படமே மாறும் என்பது அந்தக் கூடத்தில் புழங்கியவர்களுக்கு அன்றாட அறிவு. ஃபாயிலைச் சூடான உருளையில் ஓட்டும்போது வேலை செய்வதும் இதே விதிதான். இடையில் மை இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

இனி ஃபாயில். அதன் உடற்கூறு தெரியாமல் இதில் இறங்கினால் ஒவ்வொரு தோல்வியும் மர்மமாகவே இருக்கும். சூட்டில் அழுத்தி ஒட்டும் ஒரு ஹாட் ஸ்டாம்பிங் ஃபாயிலில் ஐந்து அடுக்கு. மேலே பாலியெஸ்டர் படலம், பெரும்பாலும் 12 மைக்ரான். இது சுமந்துவரும் ஆள், கடைசியில் உரித்து எறியப்படும். அதன் அடியில் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு. சூடு பட்டதும் இளகிப் படலத்தை விடுவிக்கும். அதன் கீழ் வண்ண லாக்கர், ஓரிரண்டு மைக்ரான். அதற்கும் கீழே வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைத்த அலுமினியம். இதன் கனம் மைக்ரானில் நூறில் சில பங்குதான். கடைசியாக, வெப்பத்தில் இளகும் பசை. தங்க ஃபாயிலில் தங்கம் கிடையாது: மஞ்சள் லாக்கர் வழியாக அலுமினியத்தைப் பார்க்கிறோம். லாக்கரைச் சிவப்பாக்கினால் செம்பு, நிறமே இல்லாமல் விட்டால் வெள்ளி. உலோகமே இல்லாத வெறும் நிறமி ஃபாயிலும் உண்டு, மேட் கறுப்பும் வெள்ளையும் அப்படித்தான் வருகின்றன. ஹோலோகிராம் ஃபாயிலில் லாக்கரிலேயே நுண்ணிய வரிகளை அழுத்தியிருப்பார்கள். சூடு மிஞ்சினால் அந்த வரிகள் சமமாகி வானவில் போய்விடும், வெறும் மங்கல் வெள்ளி மிஞ்சும்.

வாங்கும்போது நிறத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, படலம் எவ்வளவு எளிதாக விடும் ரகம் என்பது. எளிதில் விடும் ரகம் பெரிய நிரப்பு இடங்களுக்கு நல்லது; ஆனால் விளிம்பில் கூடவே கொஞ்சம் உதிர்ந்து வரும், மெல்லிய கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். இறுக்கமாகப் பிடித்திருக்கும் ரகம் மெல்லிய கோட்டைக் கத்தியால் வெட்டியதுபோல் தரும்; ஆனால் உள்ளங்கை அளவு இடத்தை நிரப்பச் சொன்னால் பொத்தல் பொத்தலாக விடும். ஒரே படத்தில் இரண்டுக்கும் ஒரே ரோலைப் போட்டுவிட்டு இயந்திரத்தைத் திட்டுவதில் பயனில்லை. ரோல் வழக்கமாக 64 செ.மீ. அகலம், 120 மீட்டர் நீளத்தில் வரும். ஓவியருக்கு அது ஆயுசுக்கும் போதும். பாரிமுனை ஆண்டர்சன் தெரு போல அச்சுப் பொருள்கள் விற்கும் இடங்களிலும், சிவகாசி அச்சகங்களிடமும் துண்டாகவோ மிச்ச ரோலாகவோ கேட்டுப் பார்க்கலாம். ரோலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘தங்கம்’ என்று கேட்டு அடுத்த முறை வாங்கினால் வேறு தங்கம்தான் வரும்.

அயோவா ஃபாயில் பிரிண்டர் இல்லாதவர்கள் என்ன செய்வது? ஏ3 அளவு, நான்கு உருளை கொண்ட, வெப்பத்தை டிகிரியில் வைக்கக்கூடிய லாமினேட்டர் போதும். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு மட்டும் இருக்கும் மலிவு ரகம் வேண்டாம், அதில் எதையும் திரும்பச் செய்ய முடியாது. இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம்: அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும், அடியில் நீராவித் துளைகள் இருக்கும் இடமெல்லாம் புள்ளி புள்ளியாக விட்டுப்போகும். லாமினேட்டரில் தாளை நேராக விடக்கூடாது. சிலிக்கான் பூசிய பேக்கிங் தாளை இரண்டாக மடித்து, அதன் நடுவில் தாளையும் ஃபாயிலையும் வைத்து, மடிப்பு முன்னால் போகும்படி விட வேண்டும். பசை உருளையில் ஒட்டினால் சுத்தம் செய்யப் பாதி நாள் போகும்.

ஃபாயிலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் முதல் தடுமாற்றம் வரும். வண்ணம் தெரியும் பக்கம் மேலே, மங்கலான பக்கம் கீழே. வெள்ளி ஃபாயிலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். ஓரத்தில் ஒரு செலோடேப்பை ஒட்டி இழுங்கள், எந்தப் பக்கம் உரிந்து வருகிறதோ அதுதான் கீழே போக வேண்டிய பக்கம்.

பசைக்கு வருவோம், ஏனென்றால் படம் அங்கேதான் இருக்கிறது. பசை வெப்பத்தில் இளகும் இனமாக இருக்க வேண்டும். மைதாப் பசையும் கஞ்சியும் இதற்கு ஆகாது. காய்ந்தபின் எவ்வளவு சூடு காட்டினாலும் இளகாது. அக்ரிலிக் ஜெல் மீடியம் (ஓவியர்கள் அக்ரிலிக் வண்ணத்தோடு பயன்படுத்தும் கெட்டியான கூழ்) நன்றாக வேலை செய்யும். ஃபெவிகால் வகை வெள்ளை பிவிஏ பசையை நான்குக்கு ஒன்று தண்ணீர் கலந்து தூரிகையில் இழுக்கலாம். சில்க் ஸ்கிரீனில் அடிப்பதென்றால் துணிக்கான ஃபாயில் பசையை செ.மீ.க்கு 43 நூல் கொண்ட மெஷ்ஷில் (சல்லடைத் துணியில்) அடித்தால் தேவையான கனம் கிடைக்கும். அதைவிட நெருக்கமான மெஷ்ஷில் பசைப்படலம் மெலிந்து ஃபாயில் பிடிக்காது. லேசர் பிரிண்டரின் டோனரும் இளகும் பிசின்தான். அதனால் புகைப்படத்தைப் பெரிய புள்ளிகளாக மாற்றி லேசரில் அடித்தால் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் ஃபாயிலாக மாறும். இங்க்ஜெட்டில் இது நடக்காது. அதன் மையில் பிசின் போதாது.

ஜெல்லை நைஃபால் அரை மில்லிமீட்டர் கனத்தில் தடவி, சீப்பு, சரிகைத் துண்டு, சுருக்கிய பிளாஸ்டிக் தாள் எதையாவது அழுத்தி எடுத்தால் மேடுபள்ளம் கிடைக்கும். இங்கே பாரிஸ் விதி திரும்ப வருகிறது. உருளைக்கும் ஃபாயிலுக்கும் நடுவே பேக்கிங் தாளைத் தவிர வேறெதுவும் வைக்காமல் லேசான அழுத்தத்தில் ஓட்டினால் மேட்டின் நுனி மட்டும் தங்கமாகும். நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் சிலிக்கான் ஷீட் ஒன்றை வைத்து ஓட்டினால் ஃபாயில் வளைந்து பள்ளத்தின் சரிவிலும் பிடிக்கும். ஆகவே முதலில் ஷீட் வைத்துக் கருநீலம், பிறகு ஷீட்டை எடுத்துவிட்டுச் செம்பு, கடைசியாக அழுத்தம் இன்னும் குறைத்து வெளிர் வெள்ளி என்று ஒரே பரப்பில் மூன்று ஆழத்தில் மூன்று நிறம் நிறுத்தலாம். ஃபாயில் பெரும்பாலும் ஒளிபுகாதது, ஒன்றின் மேல் ஒன்றைப் பூசி நிறம் கலக்க முடியாது. கலவை என்பது இப்படி உடைந்த புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்ப்பவர் கண்ணில் நடக்க வேண்டிய காரியம். அடியில் சுண்ணப்பொடியும் பிசினும் கொண்டு மேடு எழுப்பி அதன்மேல் பொன்தாள் ஒட்டும் தஞ்சாவூர் ஓவியர்களுக்கு மேட்டின் மீது ஒளி எப்படி விழும் என்பது நன்றாகத் தெரியும். அங்கே தங்கம் மேட்டை முழுக்கப் போர்த்துகிறது. இங்கே மேட்டின் எந்த உயரம் வரை போர்த்துவது என்பதை உருளையைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாம்.

ஜெல் காய்வதில் அவசரம் கூடாது. அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு முழு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள். மேலே தோல் காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் உருளைக்குள் போனதும் அந்த ஈரம் ஆவியாகிக் கொப்புளம் போடும். தாளுக்கும் இதே கதிதான். சென்னை மாதிரி கடலோர ஊரில் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் காற்றிலிருந்து எப்போதும் கொஞ்சம் ஈரம் குடித்து வைத்திருக்கும். ஃபாயில் வைக்காமல் வெறும் தாளை ஒருமுறை இயந்திரத்தில் ஓட்டி எடுத்துவிட்டு, அது ஆறும் முன்பே வேலையைத் தொடங்கினால் பாதிப் பொத்தல்கள் தாமாகவே காணாமல் போகும். தாளின் முகமும் முக்கியம். மேற்பரப்பு வழவழப்பாக அழுத்தப்பட்ட தாளே நல்லது. கரடான நீர்வண்ணத் தாளில் ஃபாயில் மேட்டில் மட்டும் பட்டு அரித்ததுபோல் வரும். அது வேண்டும் என்று செய்தால் சரி.

எந்த ஃபாயிலுக்கு எந்தச் சூடு? பொதுவாக 100 முதல் 140 டிகிரி செல்சியஸுக்குள் முடிந்துவிடும், ஆனால் அட்டவணையை நம்பாதீர்கள். அதே தாளில், அதே பசையில், இரண்டு விரல் அகலத்தில் ஐந்து பட்டை தயார் செய்து 100, 110, 120, 130, 140 என்று ஒவ்வொன்றாக விடுங்கள். வேகம் மாறக்கூடாது. 100-இல் பெரும்பாலும் திட்டுத்திட்டாக வரும்: பசை விழிக்கவில்லை. எங்கோ நடுவில் ஒரு பட்டை முழுசாக, விளிம்பு சுத்தமாக வரும். அதற்கும் மேலே போனால் கெடுதல் மூன்று விதமாகத் தெரியும்: பளபளப்பு மங்கி லேசான பால்படலம், எழுத்தின் உள்வளைவுகள் நிரம்பிப் போவது, பசையே இல்லாத வெறும் தாளிலும் பூச்சிபோல ஃபாயில் ஒட்டிக்கொள்வது. இந்த மூன்றாவது வந்தால் காரணம் ஃபாயிலின் சொந்தப் பசை. அதுவும் இளகும் பசைதானே, அதிகச் சூட்டில் எதில் வேண்டுமானாலும் ஒட்டும். சூட்டைக் குறைக்க முடியாவிட்டால் வேகத்தைக் கூட்டுங்கள், பலன் ஏறக்குறைய அதேதான்.

அந்தச் சொந்தப் பசையையே ஆயுதமாக்குவதும் உண்டு. தாளுக்கு அடியில் நூல், காய்ந்த இலை, வெட்டிய அட்டை என்று ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் எதையாவது வைத்து, மேலே பசையே தடவாமல், சூட்டை வேண்டுமென்றே ஏற்றி ஓட்டினால் அழுத்தம் அதிகம் பட்ட இடத்தில் மட்டும் ஃபாயில் இறங்கும். படலத்தின் மேல் சூடான முனையால் கையால் வரைவதும் இதே வகை. சாலிடரிங் அயர்ன் எடுப்பதானால் வெப்பம் குறைக்கக்கூடிய ரகமாக, 150 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்பதாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகும். 300-இல் நிற்கும் சாதாரண அயர்ன் படலத்தையும் உருக்கித் தாளோடு ஒட்டிவிடும்.

உரிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது என்பது என் கட்சி. உருளையை விட்டு வெளியே வந்ததும் உடனே இழுக்கக்கூடாது, முழுக்க ஆறவும் விடக்கூடாது. மெழுகு இன்னும் இளகியிருக்க, பசை இறுகத் தொடங்கியிருக்கும் சில விநாடிகள் உண்டு. தாளைப் புறங்கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் கட்டம். சில ரகங்களுக்கு அது சீக்கிரம், சிலவற்றுக்குத் தாமதம். படலத்தின் ஒரு மூலையைப் பிடித்து, மேலே தூக்காமல், தாளோடு ஒட்டி முழுக்கப் பின்னால் மடித்து, ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். நேராக மேலே தூக்கினால் விளிம்பில் ஃபாயில் கிழியாமல் நாக்குப்போல் எழும்பும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் ஒரு கோடு விழும், அதை எதுவும் மறைக்காது.

உரித்த படலத்தைக் கசக்கிப் போடுமுன் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தாளுக்குப் போன பகுதியெல்லாம் படலத்தில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், போகாதது மின்னும். தெளிவான பகுதிக்குள் ஊசிமுனை அளவு மின்னும் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் தூசி அல்லது ஈரம். பாலியெஸ்டரில் நிலைமின்சாரம் ஏறும், மேஜையில் உள்ள தூசியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். ஈரத்துணியால் மேஜையைத் துடைத்துவிட்டே தொடங்குங்கள். புள்ளிகள் விரல்ரேகை வடிவில் இருந்தால் யார் குற்றவாளி என்று சொல்ல வேண்டியதில்லை. உருளையின் போக்கில் பட்டை பட்டையாக விட்டிருந்தால் அழுத்தம் ஒரு பக்கம் குறைவு. ஓரத்தில் மட்டும் விட்டிருந்தால் அங்கே சூடு போதவில்லை, தாளை முன்னதாகச் சூடேற்ற வேண்டும். தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத கோளாறு இப்படி ஒளிக்கு எதிரே பிடித்தால் நொடியில் தெரிந்துவிடும்.

அந்தப் படலத்தையும் எறிய வேண்டாம். அதில் மிச்சமிருப்பது உங்கள் படத்தின் எதிர்ப்படம். புதிய தாளில் முழுக்கப் பசை பூசி அதை வைத்து ஓட்டினால் அந்த எதிர்ப்படம் அப்படியே இறங்கும், முன்பு விட்டுப்போன புள்ளிகள் உட்பட.

எட்ச்சிங்கோடு (அமிலத்தால் அரித்த தகட்டில் மையேற்றி அச்செடுப்பது) சேர்த்துச் செய்பவர்களுக்கு வரிசைதான் பெரிய தலைவலி. எட்ச்சிங் தகட்டுக்குத் தாள் ஈரமாக இருக்க வேண்டும், ஃபாயிலுக்கு உலர்ந்திருக்க வேண்டும். முதலில் மை, பிறகு ஃபாயில் என்று போவதே பாதுகாப்பு: அச்சை பிளாட்டிங் தாள்களுக்கு (ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்) நடுவே பாரம் வைத்து ஒரு வாரமாவது காய விடுங்கள். பாதி காய்ந்த எண்ணெய் மை சூட்டில் ஒட்டும் தன்மை பெற்று, ஃபாயில் வேண்டாத இடமெல்லாம் பிடித்துவிடும். இதையே தெரிந்து செய்தால் மைக்கோட்டின் மேலேயே ஃபாயில் ஏற்றலாம். அப்போது தனிப் பசை வேண்டாம். மையில் மெழுகுச் சேர்க்கை இருந்தால் அதன்மேல் ஃபாயில் பிடிக்காது. ஃபாயிலின் மேல் மை அடிப்பதானால் மை உறிஞ்சப்படாது, காற்றில் மட்டுமே காய வேண்டும். உலர்த்தி சேர்த்த மையை மெலிதாக அடியுங்கள். நீர்வண்ண மை லாக்கரின் மேல் முத்து முத்தாகச் சுருண்டு நிற்கும், முயல வேண்டாம். ஃபாயிலின் மேல் ஃபாயிலும் சில ரோல்களில் சண்டித்தனம் செய்யும். மேலே மெழுகின் மிச்சம் இருப்பதால் அடுத்த பசை பிடிக்காது. அங்கே ஐந்து, பத்து டிகிரி கூட்டினால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

இந்த முறையில் வரும் படங்களில் நிறைய மோசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி போன்ற தங்கத்தைப் பெரிய பரப்பில் நிரப்பினால் அது எதிரே நிற்பவரின் சட்டையைத்தான் காட்டும், கோணத்துக்குக் கோணம் வெள்ளையாகவும் கறுப்பாகவும் புரளும், படத்தின் நிழலும் வெளிச்சமும் குழம்பிப் போகும். மேட் ஃபாயில், நிறமி ஃபாயில், உடைந்த பரப்பு, நடுவே மின்னாத மை ஆகியவை முக்கால் பங்கும் கண்ணாடித் தங்கம் கால் பங்குக்குக் கீழும் இருந்தால்தான் மின்னுவது மின்னும். உளியால் தகட்டில் கோடிழுத்துப் பழகியவர்கள் இதில் நன்றாக வருவதற்குக் காரணம், வெற்றிடத்தை விட்டுவைக்க அவர்களுக்குத் தெரியும்.

எத்தனை காலம் நிற்கும் என்றால், அலுமினியத்துக்கு மேலே லாக்கர் காவல் இருக்கிறது. கீறல் விழுந்த இடத்திலும் விளிம்பிலும்தான் ஆபத்து. காரத்தன்மை கொண்ட பசையும் உப்புக்காற்றும் அலுமினியத்தைத் தின்னும், வெள்ளியில் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். வண்ணம் லாக்கரின் சாயத்தைப் பொறுத்தது. பளிச்சென்ற பிங்க், பச்சை வகைகளை நம்ப முடியாது. ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டை வெட்டி, பாதியை அட்டையால் மூடி, தெற்குப் பார்த்த ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வைத்துப் பாருங்கள். துடைப்பதற்கு மென்மையான தூரிகை மட்டும். ஸ்பிரிட் லாக்கரைக் கரைக்கும். அடுக்கி வைக்கும்போது நடுவே வழவழப்பான, மெல்லிய கிளாசின் தாள். பிவிசி உறை கூடாது, வெயில் காலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி ஓரத்தில் இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள்.

பிரதி எண் எழுதுவதில் மட்டும் ஒரு சச்சரவு உண்டு. லேசர் டோனரிலோ சில்க் ஸ்கிரீன் பசையிலோ செய்ததைப் பத்து பிரதி ஏறக்குறைய ஒரே மாதிரி எடுக்க முடியும்; அதில் 1/10 என்று போடுவது நியாயம். கையால் ஜெல் தடவிப் பல ஆழத்தில் ஏற்றியதில் இரண்டாவது பிரதி என்று ஒன்றில்லை. அதை மாறுபடும் பதிப்பு என்றோ ஒற்றைப் பிரதி என்றோதான் எழுத வேண்டும், விற்பவர் எவ்வளவு கெஞ்சினாலும். எண்ணைவிடப் பயனுள்ளது தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதும் குறிப்பு: ரோல் எண், பசை, சூடு, வேகம், எந்த வரிசையில் எந்த நிறம், ஷீட் வைத்தா வைக்காமலா. ஆறு மாதம் கழித்து அதே செம்பு மறுபடி வேண்டும் என்று தோன்றும்போது அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஐந்து பட்டைச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.